கேள்வி மேடை: இந்த வாரம் ‘கிங் கென்னி’

ஸ்காட்லாந்து கால்பந்து பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதினேன். அதில் போகிற போக்கில் கென்னி டால்கிளீஷ் (ரசிகர்களுக்கு ‘கிங் கென்னி’) பெயரைச் சொன்னதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த வாரம் முழுக்க அவர்தான். கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் தம்பி லிவர்பூல் சட்டை போட்டுக்கொண்டுதான் தூங்குகிறான். அவனிடம் டால்கிளீஷ் யார் என்று கேட்டால் ‘பழைய ஆள்’ என்கிறான். நீங்களாவது சொல்லுங்கள். (வாசகி, திண்டுக்கல்)

தம்பி சொன்னது சரிதான், 1951 மார்ச் 4-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். ஆனால் அவன் டிவியில் பார்க்கிற ஆன்ஃபீல்ட் மைதானத்தில் ஒரு பக்க ஸ்டாண்டுக்கு 2017-லிருந்து இவர் பெயர்தான், அதை அவனிடம் சொல்லுங்கள். ஆட்டக்காரராக லிவர்பூலுக்கு 515 ஆட்டங்கள், 172 கோல்கள், மூன்று ஐரோப்பியக் கோப்பைகள் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்). மேனேஜராக, அதாவது தலைமைப் பயிற்சியாளராக, மூன்று லீக் பட்டங்கள், இரண்டு எஃப்.ஏ. கோப்பைகள் (தோற்றால் வெளியே என்கிற இங்கிலாந்துப் போட்டி). அப்புறம் பிளாக்பர்ன் என்ற சின்ன ஊர் கிளப்பையும் இங்கிலாந்தின் சாம்பியன் ஆக்கினார். இரண்டு வேறு கிளப்புகளோடு இங்கிலாந்து லீக்கை வென்ற மேனேஜர்கள் நாலே பேர்: டாம் வாட்சன், ஹெர்பர்ட் சாப்மன், பிரையன் கிளஃப், இவர். மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன்கூட அந்த வரிசையில் கிடையாது (அவருக்கு ஒரே கிளப்பில் 13 இருக்கிறது, அது வேறு கதை).

சின்ன வயதில் ரேஞ்சர்ஸ் ரசிகர், ஆனால் ஆடியது செல்டிக்குக்கு என்கிறார்கள். கிளாஸ்கோவில் இது நடக்கிற காரியமா? (வாசகர், காரைக்குடி)

நடந்திருக்கிறது. கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ் என்றால் புராட்டஸ்டண்ட், செல்டிக் என்றால் கத்தோலிக்கர் என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்த காலம். டால்கிளீஷ் வீடு புராட்டஸ்டண்ட் வீடு. பையன் வளர்ந்ததில் ஒரு பகுதி ரேஞ்சர்ஸ் மைதானமான ஐப்ராக்ஸ் பக்கத்திலேயே. ரேஞ்சர்ஸ் கூப்பிடும் கூப்பிடும் என்று பார்த்தார், கூப்பிடவில்லை. 1967-ல் செல்டிக் துணை மேனேஜர் ஷான் ஃபாலன் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் யார் என்று தெரிந்ததும் பையன் அறைக்குள் ஓடி, சுவரில் ஒட்டியிருந்த ரேஞ்சர்ஸ் படங்களை எல்லாம் அவசர அவசரமாகக் கிழித்தார். இதை அவரே பல தடவை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

அப்போது செல்டிக் மேனேஜர் ஜாக் ஸ்டீன். அவரும் புராட்டஸ்டண்ட்தான், அந்த கிளப்புக்கு அப்படி வந்த முதல் மேனேஜர். அவருக்கு ஆட்டம் வந்தால் போதும், எந்த சர்ச்சுக்குப் போகிறாய் என்றெல்லாம் கேட்கமாட்டார். டால்கிளீஷ் கையெழுத்துப் போட்ட அதே மே மாதம் 25-ம் தேதி செல்டிக் லிஸ்பனில் இண்டர் மிலானை அடித்து ஐரோப்பியக் கோப்பையை வாங்கியது. அந்தப் பதினொரு பேரும் செல்டிக் மைதானத்திலிருந்து முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். அப்படி ஓர் அணியில் பதினாறு வயதுப் பையனுக்கு இடம் எங்கே இருக்கும்? கம்பர்னால்ட் யுனைடெட் என்ற சின்ன கிளப்புக்கு ஆட அனுப்பினார்கள், பகலில் தச்சு வேலை பழகினார். முதல் அணியில் நிலைத்து நிற்கவே 1971 ஆகிவிட்டது. அதன்பிறகு 167 கோல்கள், நாலு லீக் பட்டங்கள். 1977-ல் போகிறேன் என்று அவர் சொன்னபோது ஸ்டீன் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார், நடக்கவில்லை.

ஓட்டத்தில் வேகம் கிடையாது, உயரமும் இல்லை என்று படித்தேன். அப்படியானால் எதை வைத்து இவ்வளவு பேசுகிறார்கள்? (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

நல்ல கேள்வி. அவர் ஆடிய பழைய ஆட்டங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, ஒன்றைப் போட்டு அவரை மட்டும் பாருங்கள். கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பந்து வரும். பின்னால் டிஃபெண்டர் முட்டுவான், இடிப்பான், அசைக்க முடியாது, ஏனென்றால் இடுப்பையும் பின்புறத்தையும் வைத்தே அவனை ஒரு கை தூரத்தில் நிறுத்திவிடுவார். அந்த இரண்டு நொடியில், லிவர்பூலில் கூட ஆடிய ஸ்ட்ரைக்கர் இயன் ரஷ் எந்தப் பக்கம் கிளம்பப்போகிறார் என்பது இவருக்குத் தெரிந்திருக்கும், ரஷ்ஷுக்கே தெரியுமோ என்னவோ. திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தை அங்கே தள்ளுவார். காலில் இல்லாத வேகம் தலையில் இருந்தது. லிவர்பூலில் ஆட்டக்காரர், மேனேஜர் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்த பாப் பெய்ஸ்லி, தான் பார்த்ததிலேயே திறமைசாலி இவர்தான் என்று சொன்னது சும்மா இல்லை.

1977 ஆகஸ்டில் 4,40,000 பவுண்ட் கொடுத்து வாங்கினார்கள், அன்றைக்கு பிரிட்டனில் அது சாதனை விலை. லிவர்பூல் நட்சத்திரம் கெவின் கீகன் ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப்புக்குப் போய்விட்டார், அவருடைய 7-ம் நம்பர் சட்டையை இவருக்குக் கொடுத்தார்கள். ஆன்ஃபீல்டில் கீகன் சாமி மாதிரி. அவர் இடத்துக்கு வருகிறவனை யாரும் சும்மா விடமாட்டார்கள். லீக்கில் முதல் ஆட்டம் மிடில்ஸ்பரோவில், ஏழாவது நிமிஷத்திலேயே கோல். டிசம்பரில் ஐரோப்பிய சூப்பர் கோப்பைக்காக அதே கீகனோடு ஹாம்பர்க் ஆன்ஃபீல்டுக்கு வந்தது, லிவர்பூல் 6-0 என்று அனுப்பிவைத்தது, ஆறாவது கோல் டால்கிளீஷ் அடித்தது. அதற்குமேல் யாரும் கீகனைப் பற்றிப் பேசவில்லை.

ஒரே ஒரு கோல்தான் பார்ப்பேன் என்றால் 1978 மே 10, வெம்பிளி, கிளப் ப்ரூஷ் அணியோடு ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். சக ஆட்டக்காரர் கிரேம் சூனஸ் டிஃபெண்டர்களுக்கு நடுவில் பந்தை நழுவ விடுகிறார், டால்கிளீஷ் பெனால்டி பெட்டிக்குள் வலது பக்கம் ஓடி வாங்குகிறார், கோல்கீப்பர் யென்சன் முன்னால் வருகிறார். வேறு யாராயிருந்தாலும் உடனே அடித்திருப்பார்கள். இவர் ஒரு கணம் சும்மா இருக்கிறார். கீப்பர் பொறுக்க முடியாமல் கீழே விழுகிறார். அவர் விழுந்தபிறகு மேலே தூக்கி, தூரத்து மூலையில் போடுகிறார். அப்படியே விளம்பரப் பலகையைத் தாண்டிக் குதித்து ரசிகர்கள் பக்கம் ஓட்டம். 1-0.

ஸ்காட்லாந்துக்கு ஆடும்போது மட்டும் சோபிக்கவில்லை என்பது உண்மையா? (வாசகர், நாகர்கோவில்)

பாதி உண்மை. 102 ஆட்டங்கள், 30 கோல்கள். ஆட்டக் கணக்கில் ஸ்காட்லாந்தில் இன்றுவரை அவர்தான் முதல், கோல் கணக்கில் டெனிஸ் லாவோடு சமம். ஆனால் லா அதே 30 கோலை 55 ஆட்டத்தில் அடித்தார், அதனால்தான் இந்தப் பேச்சு. 1974, 78, 82 என்று மூன்று உலகக் கோப்பைகளில் ஆடினார், மூன்றிலும் ஸ்காட்லாந்து முதல் சுற்றைத் தாண்டவில்லை. அதை அவர் தலையில் மட்டும் கட்ட முடியாது.

ஸ்காட்லாந்துக்காரர்கள் மறக்காத கோல் ஒன்று உண்டு. 1976-ல் ஹாம்ப்டன் பார்க்கில் இங்கிலாந்தை 2-1 என்று ஜெயித்த ஆட்டம். இவர் கொஞ்சம் சரியில்லாமல் அடித்த பந்து கோல்கீப்பர் ரே கிளமென்ஸின் கால்களுக்கு நடுவே உருண்டு உள்ளே போனது. அடுத்த வருஷமே இரண்டு பேரும் லிவர்பூலில் ஒரே அறையில் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கிளமென்ஸ் அதை எத்தனை தடவை கேட்க நேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முப்பத்து நாலு வயதில், நேற்றுவரை கூட ஆடியவர்களுக்கே மேனேஜர். எப்படிச் சமாளித்தார்? (வங்கி ஊழியர், சேலம்)

உங்கள் அலுவலகத்திலும் இப்படி யாருக்கோ பதவி உயர்வு வந்திருக்கிறது போல.

அவர் பதவிக்கு வந்த நாளைப் பார்த்தாலே பயமாக இருக்கும். 1985 மே 29, பிரஸ்ஸல்ஸில் ஹெய்சல் மைதானம், யுவென்டஸோடு ஐரோப்பியக் கோப்பை இறுதி. ஆட்டத்துக்கு முன்னால் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததில் எதிர்ப்பக்கம் நெரிசலாகி, சுவர் சரிந்து 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இத்தாலியர்கள். மேனேஜர் ஜோ ஃபேகன் அன்றோடு ஓய்வு பெறுவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. மறுநாள் டால்கிளீஷ் ஆட்டக்காரரும் மேனேஜருமாக அறிவிக்கப்பட்டார். இங்கிலாந்து கிளப்புகளுக்கு ஐரோப்பாவில் தடை விழுந்தது. கிளப்பின் பெயரே கெட்டுக் கிடந்த நேரத்தில் கிடைத்த பதவி அது.

அவர் செய்த புத்திசாலித்தனம், பழைய ஆட்களை விரட்டவில்லை. ரானி மோரன், ராய் எவன்ஸ் என்று பயிற்சியில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அப்படியே இருந்தார்கள், பெய்ஸ்லியை ஆலோசனைக்கு வைத்துக்கொண்டார். தன்னை அணியில் போட்டுக்கொள்வதிலும் கூச்சம், பாதி ஆட்டங்களில் வெளியேதான் உட்கார்ந்தார். ‘நான் ஆடியதிலேயே மோசமான லிவர்பூல் அணி இதுதான்’ என்று அந்த சீசனில் கூட ஆடிய நண்பர் ஆலன் ஹான்சன் இவர் முகத்துக்கு நேரே சொன்னாராம், ஹான்சனே பின்னாளில் சொன்ன கதை. அந்த மோசமான அணி கடைசிப் பன்னிரண்டு லீக் ஆட்டத்தில் பதினொன்றை ஜெயித்தது. மே 3, செல்சி மைதானம், ஜெயித்தால் பட்டம். ஜிம் பெக்லின் பந்தைத் தூக்கிப் போடுகிறார், மேனேஜர் நெஞ்சில் வாங்குகிறார், தரையில் விழுமுன் அடிக்கிறார், 1-0. ஒரு வாரம் கழித்து எஃப்.ஏ. கோப்பை இறுதியில் அதே ஊர் எதிரி எவர்டனை 3-1. ஒரே சீசனில் லீக்கும் கோப்பையும் லிவர்பூலுக்கு அதுவே முதல் தடவை.

ஆனால் அவர் கட்டிய அணி என்று நான் சொல்வது 1987-88-ஐத்தான். ரஷ் இத்தாலிக்குப் போனார், கை உடைந்த மாதிரி என்று எல்லோரும் எழுதினார்கள். இவர் ஜான் ஆல்ட்ரிட்ஜ், ஜான் பார்ன்ஸ், பீட்டர் பியர்ட்ஸ்லி, ரே ஹவுட்டன் என்று நாலு பேரைக் கொண்டுவந்தார். இதில் யார் யாருக்குப் பந்து கொடுப்பார்கள் என்பதை வாங்கும்போதே மனசுக்குள் ஆடிப் பார்த்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. முதல் 29 லீக் ஆட்டத்தில் தோல்வியே இல்லை. முப்பதாவதில் எவர்டன் அடித்தது, பரவாயில்லை. அந்த ஏப்ரலில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை 5-0 அடித்த ஆட்டத்தை டாம் ஃபின்னி போன்ற பழம்பெரும் ஆட்டக்காரரே வாய்விட்டுப் புகழ்ந்தார். அப்புறம் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் விம்பிள்டனிடம் தோற்றார்கள் பாருங்கள், கால்பந்து அப்படித்தான்.

லீக்கில் முதலிடத்தில் இருக்கும்போதே 1991-ல் திடீரென்று விலகியது ஏன்? நிர்வாகத்தோடு சண்டையா? (வாசகர், புதுச்சேரி)

சண்டை இல்லை. இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம், எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கிய பக்கத்தில், ஏற்கெனவே நிரம்பி வழிந்த கம்பிவேலி அடைப்புகளுக்குள் போலீஸ் வாயிலைத் திறந்து இன்னும் ஆயிரக்கணக்கில் ஆட்களை உள்ளே விட்டது. மூன்று மணிக்குத் தொடங்கிய ஆட்டம் ஆறு நிமிஷத்தில் நின்றது. 97 பேர் உயிர் போனது, அதில் கடைசியாக ஒருவர் 2021-ல், பட்ட காயத்தின் விளைவாலேயே. டால்கிளீஷின் மகன் பாலும் அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தான். பையன் பத்திரம் என்று தெரியும்வரை அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்.

அடுத்த வாரங்களில் அவர் கால்பந்து மேனேஜராகவே இல்லை. ஆன்ஃபீல்டைத் திறந்துவிட்டார்கள், மைதானத்தில் பாதி பூக்களாக நிறைந்தது. அவரும் மனைவி மெரினாவும் ஆட்டக்காரர்களும் ஆஸ்பத்திரிக்கும் இழவு வீட்டுக்குமாக அலைந்தார்கள். ஒரே நாளில் நாலு இறுதிச் சடங்குகளுக்குப் போயிருக்கிறார். ‘சன்’ நாளிதழ் ரசிகர்கள்மேலேயே பழி போட்டு ‘உண்மை’ என்று தலைப்பு வைத்துப் பொய் எழுதியது. ஊர் கொதித்ததும் அதன் ஆசிரியர் கிளப்புக்குப் போன் செய்து, இதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டாராம். ‘அதே அளவு எழுத்தில் “பொய் சொன்னோம்” என்று போடுங்கள்’ என்றாராம் டால்கிளீஷ். அது முடியாது என்று பதில். அப்படியானால் என்னால் உதவ முடியாது என்று வைத்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். லிவர்பூலில் இன்றைக்கும் அந்தப் பேப்பரை வாங்காதவர்கள் ஏராளம். ரசிகர்கள்மேல் தவறில்லை, அது சட்டவிரோதமான சாவு என்று விசாரணை மன்றம் சொல்ல 2016 வரை ஆனது.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், 1971 ஜனவரி 2-ல் ஐப்ராக்ஸ் படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்த அன்றும் அவர் அங்கே இருந்தார், ஆடாத செல்டிக் இளைஞராக, பார்க்க வந்தவர்களில் ஒருவராக. ஐப்ராக்ஸ், ஹெய்சல், ஹில்ஸ்பரோ, மூன்றிலும் இருந்த மனிதர். யாரிடமும் மனம் விட்டுப் பேசும் சுபாவமும் கிடையாது.

அதையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டே 1989-ல் எஃப்.ஏ. கோப்பை, 1990-ல் லீக் பட்டம். உடம்புதான் முதலில் காட்டிக்கொடுத்தது, தோலெல்லாம் தடிப்பு, தூக்கம் இல்லை. 1991 பிப்ரவரி 20, எவர்டனோடு கோப்பை ஆட்டம், லிவர்பூல் நாலு தடவை முன்னால் போகிறது, நாலு தடவையும் எவர்டன் பிடித்துவிடுகிறது, 4-4. டிஃபென்ஸில் ஒரு மாற்றம் செய்தால் போதும் என்று அவருக்குத் தெரிந்தது. செய்ய முடியவில்லை. முடிவெடுக்கும் இடத்தில் மனசு கைவிட்டது. இரண்டு நாள் கழித்து விலகினார், வயது 39. கொஞ்ச நாள் ஓய்வெடுத்தபிறகு கூப்பிட்டிருந்தால் திரும்பி வந்திருப்பேன் என்று பின்னால் சொன்னார். யாரும் கூப்பிடவில்லை, இடத்தைச் சூனஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். என் கணக்கில் லிவர்பூல் செய்த பெரிய தப்பு அது. அடுத்த லீக் பட்டத்துக்கு முப்பது வருஷம் காத்திருந்தார்கள்.

பிளாக்பர்ன் பட்டம் காசு கொடுத்து வாங்கியதுதானே? (வாசகர், மதுரை)

காசு இருந்தது, யார் இல்லை என்றார்கள். இரும்பு வியாபாரத்தில் சம்பாதித்த ஜாக் வாக்கர், தன் ஊர் கிளப்புக்காகக் கொட்டினார். ஆலன் ஷியரருக்குச் சாதனை விலை, 1994-ல் கிறிஸ் சட்டனுக்கு 50 லட்சம் பவுண்ட், மறுபடி சாதனை. ஆனால் 1991 அக்டோபரில் டால்கிளீஷ் போனபோது அது இரண்டாம் டிவிஷன் கிளப், கடைசியாக லீக்கை ஜெயித்தது 1914-ல். பயிற்சிக்கு ஒழுங்கான இடம்கூட இல்லை, மயானத்துக்குப் பக்கத்துத் திடலில் பழகினார்கள், சவ ஊர்வலம் போனால் நிறுத்திவிட்டு நிற்பார்களாம். அப்படிப்பட்ட கிளப்புக்கு, மான்செஸ்டர் யுனைடெட் கூப்பிட்டும் போகாமல், ஷியரர் வந்தார். பணம் மட்டும் அதைச் செய்யாது, எதிரே உட்கார்ந்து பேசிய ஆள் யார் என்பதும் இருக்கிறது. பயிற்சித் திடலில் துணை மேனேஜர் ரே ஹார்ஃபோர்டின் பங்கும் பெரியது, அவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மேல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் வந்த வருஷம் நாலாவது, அடுத்து இரண்டாவது, 1995-ல் முதல். கடைசி நாள் கூத்து தெரியுமா? மே 14, பிளாக்பர்ன் ஆட வேண்டியது ஆன்ஃபீல்டில்! ஷியரர் ஒன்று போட்டார். சமன் செய்தது யார் என்றால், டால்கிளீஷே லிவர்பூலுக்குக் கொண்டுவந்த பார்ன்ஸ். கடைசி நிமிஷத்தில் ஜேமி ரெட்நாப் ஃப்ரீ கிக்கில் இன்னொன்று, 2-1 தோல்வி. லிவர்பூல் ரசிகர்களுக்கே தங்கள் அணி கோல் அடித்தது சங்கடம், யுனைடெட் பட்டம் வாங்கிவிடுமே. அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து செய்தி வந்தது, வெஸ்ட் ஹாமில் யுனைடெட் 1-1. பிளாக்பர்ன் 89 புள்ளி, யுனைடெட் 88. ஆன்ஃபீல்டே எழுந்து நின்று கைதட்டியது, தோற்ற அணியின் மேனேஜருக்கு.

ஃபெர்குசனா, டால்கிளீஷா? ஒரே வார்த்தையில் சொல்லவும். (வாசகர், விருதுநகர்)

மேனேஜராக ஃபெர்குசன். ஆட்டக்காரராக... இது கேள்வியே இல்லை.

கொசுறாக ஒன்று. 1988-ல் ஆன்ஃபீல்டில் 3-3 ஆனதும் ஃபெர்குசன் நடுவர்களைக் குறைசொல்லி ரேடியோக்காரரிடம் பொரிந்துகொண்டிருந்தார். கைக்குழந்தையோடு அந்தப் பக்கமாகப் போன டால்கிளீஷ், ‘அவரிடம் பேசுவதைவிட என் குழந்தையிடம் பேசலாம், அவளுக்கு விவரம் அதிகம்’ என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நியூகாசில், மறுபடி லிவர்பூல், இரண்டிலும் தோற்றுத்தானே போனார்? (வாசகர், ஈரோடு)

நியூகாசிலில் மோசம்தான். 1997-ல் கீகன் மேனேஜராக இருந்து விட்ட இடத்துக்கு (இங்கேயும் கீகன்!) போய் அந்த சீசனை இரண்டாவது இடத்தில் முடித்தார், சாம்பியன்ஸ் லீக்கில் பார்சிலோனாவை 3-2 அடித்தார்கள். ஆனால் லெஸ் ஃபெர்டினாண்டை விற்ற நேரம் பார்த்து ஷியரர் கணுக்கால் போனது. மாற்றாக வந்தவர்கள் ரஷ், பார்ன்ஸ், எல்லாம் வயது தாண்டிய பழைய நண்பர்கள். லீக்கில் 13-வது இடம். 1998 ஆகஸ்டில் புது சீசன் இரண்டு ஆட்டம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள்.

2011 ஜனவரியில் லிவர்பூல் திரும்பக் கூப்பிட்டது வேறு. ஊரே சந்தோஷப்பட்டது. லூயிஸ் சுவாரஸ் வந்தார், கூடவே ஆண்டி கேரலுக்கு மூன்றரைக் கோடி பவுண்ட், அது வீண். 2012-ல் லீக் கோப்பை (லீக் பட்டம் இல்லை, அது வேறு போட்டி) கிடைத்தது, எஃப்.ஏ. கோப்பை இறுதியில் செல்சியிடம் தோல்வி, லீக்கில் எட்டாவது இடம், மே மாதம் வெளியே. கோப்பைக் கணக்கைவிட எனக்கு உறுத்துவது சுவாரஸ் விவகாரம். மான்செஸ்டர் யுனைடெட்டின் பாட்ரிஸ் எவ்ராவை இனத்தைச் சொல்லி இழிவாகப் பேசியதாகச் சுவாரஸுக்கு எட்டு ஆட்டத் தடை விதித்தார்கள். அப்போது ஆட்டக்காரர்கள் சுவாரஸ் படம் போட்ட சட்டையோடு திடலுக்கு வந்ததை மேனேஜர் அனுமதித்திருக்கக் கூடாது. தன் ஆளை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற பழைய குணம், இடம் தெரியாமல் வெளிப்பட்டுவிட்டது. இதில் அவருக்காக வாதாட என்னால் முடியாது.

பிள்ளைகள் யாராவது கால்பந்தில் இருக்கிறார்களா? (வாசகி, தஞ்சாவூர்)

மகன் பால் நியூகாசில், நார்விச் என்று ஆடிவிட்டு, வட அமெரிக்காவில் பயிற்சியாளர் ஆனார். பெரிய பெயர் என்று சொல்ல முடியாது. மகள் கெல்லி கேட்ஸ் டிவி தொகுப்பாளர், பிபிசியின் ‘மேட்ச் ஆஃப் தி டே’ நிகழ்ச்சியை 2025-லிருந்து நடத்துகிற மூவரில் ஒருவர். அதே நிகழ்ச்சியில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து டிஃபெண்டர்களைத் திட்டிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா, ‘மோசமான அணி’ என்று அப்பாவிடம் சொன்ன ஹான்சன்.